தகட்டுக் கால்

பொய் சொல்வதில் அக்னஸை மிஞ்சப் புத்தூரில் ஆள் கிடையாது. வசவாகச் சொல்லவில்லை, அந்த நாளில் அவளுக்கே அது பெருமையாகத்தான் இருந்தது. புத்தூரில் சின்னதாக ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதில் பிள்ளைகள் வார்டுக்கு அவள் ஆயா. ஊசியைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பிள்ளை, மருந்துக் கிண்ணத்தைத் தட்டிவிடுகிற பிள்ளை, நர்ஸ் கையைக் கடித்துவைக்கிற பிள்ளை, எதுவாக இருந்தாலும் அவள் இடுப்பில் ஏறினால் அடங்கிவிடும். ஊசியை எறும்புக்கடி என்பாள். கசப்பு மருந்தைப் பாயசம் என்பாள். வெளியே நிறுத்தி வைத்திருக்கும் அம்மா முட்டாய் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள் என்பாள். பிள்ளை வீலென்று அலறும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுப்பாள். குணமாகி வீட்டுக்குப் போகிற பிள்ளை திரும்பி வந்து அவளிடம் நியாயமா கேட்கப் போகிறது?

பாலக்கரையில் ஒரு ஓட்டு வீடு. புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தான். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவளுக்கு என்று இருந்தது இந்தப் பேர் ஒன்றுதான். "அக்னஸைக் கூப்பிடு" என்று டாக்டரே சொல்லுகிற பேர்.

ஒருமுறை ஸ்ரீரங்கத்திலிருந்து கோதைநாயகி என்கிற அம்மாள் தன் பையனை டான்சில் எடுக்கக் கூட்டிவந்தாள். திருவானைக்காவலில் யானை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கிளப்பியிருக்கிறாள். பஸ் திருவானைக்காவலைத் தாண்டியதும் பையனுக்கு விஷயம் புரிந்துபோய், ஆஸ்பத்திரி வாசலில் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டிவிட்டான். அக்னஸ் போய் அவன் காதில், "யானைக்கு வயித்துவலி ராஜா, வைத்தியத்துக்கு இங்கதான் கூட்டியாந்திருக்காங்க, உள்ள கட்டியிருக்கு" என்றாள். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தபடி தானாகவே ஆபரேஷன் அறைக்குள் நடந்து போனான். கோதைநாயகி கைகூப்பாத குறைதான்.

அன்று சாயங்காலம் டாக்டர் வீரராகவன் அவளைப் பார்த்து, "மயக்க மருந்துல கண் மூடற வரைக்கும் அவன் யானையைத் தேடிண்டே இருந்தான், அக்னஸ்" என்றார். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர்தான், சிரிக்காமல் பேசுகிறவர். அக்னஸ் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். கொழுப்புத்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த சமயம், உப்பிலியபுரத்திலிருந்து அழகிரி என்கிற குடியானவனும் அவன் பெண்டாட்டி மாரியாயியும் ஏழு வயது மகள் வள்ளிக்கண்ணுவைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். புளியமரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஊரில் எலும்பு கட்டுகிறவரிடம் காட்டி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டு இறுகிப்போய், ரத்தம் ஓடாமல் பாதம் கறுத்துவிட்டது. பிள்ளை வலி தாங்காமல் கட்டைப் பிய்த்தபோதெல்லாம், அவிழ்த்தால் எலும்பு கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டவள் மாரியாயிதான். ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்ததும் வந்த நாற்றத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிர் தங்காது என்றார் டாக்டர். அழகிரி கைநாட்டு வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். டாக்டர் அக்னஸைத் தனியே கூப்பிட்டார்.

"கொழந்தைட்ட பக்குவமாச் சொல்லிடு, அக்னஸ். முழிச்சுப் பாக்கறச்சே கால் இல்லேன்னா அது என்ன பாடுபடும்? நீ சொன்னா கேட்டுக்கும்."

அக்னஸ் தலையாட்டிவிட்டு வந்தாள். வார்டு வாசலிலேயே மாரியாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயால சொல்லிராதீங்க ஆயாம்மா. சொன்னா பலிச்சிரும்." கைநாட்டே வைத்தாகிவிட்டது, இன்னும் பலிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் மாரியாயி கடைசி நிமிஷம் வரைக்கும் சமயபுரத்து மகமாயியை நம்பிக்கொண்டிருந்தாள். வருகிற வழியில் இறங்கி, கோயில் வாசல் கடையில் மெல்லிசான வெள்ளைத் தகட்டில் அடித்த கால் ஒன்று வாங்கி முந்தானையில் முடிந்திருந்தாள். கண் நோய் தீர்ந்தால் கண், கை சரியானால் கை, கால் சரியானால் கால் என்று தகட்டு உருவம் வாங்கி உண்டியலில் போடுவது அந்தப் பக்கத்து நேர்த்திக்கடன்.

டாக்டர் ஒன்று சொல்கிறார், பெற்றவள் ஒன்று சொல்கிறாள். அக்னஸுக்கு நடுவில் நின்று யோசிக்க நேரமில்லை, யோசித்துப் பழக்கமுமில்லை. கைவசம் இருந்த வித்தையை எடுத்தாள்.

"உள்ள என்ன செய்வாங்க ஆயாம்மா?" என்று கேட்டது பிள்ளை. காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. கேள்வி மட்டும் தெளிவாக வந்தது.

அக்னஸ் மாரியாயியிடமிருந்து அந்தத் தகட்டை வாங்கிப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள். "பாத்தியா, குட்டிக் கால். உங்கம்மா மகமாயிக்கு நேர்ந்துக்கிட்டிருக்கு. நீ தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள மகமாயிக்குக் கால் போயிடும். உனக்கு எல்லாம் சரியாயிடும்."

பிள்ளை தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஐந்து விரலும் அச்சாக இருந்தது. அறை வாசலில் அக்னஸ் அதை வாங்கி மாரியாயியிடம் கொடுத்தாள். கதவு மூடுவதற்கு முன் வள்ளிக்கண்ணு கடைசியாகப் பார்த்தது, அம்மா அந்தக் காலை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிப் போவதைத்தான். உள்ளே டாக்டர், "சொல்லியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சுங்க" என்றாள் அக்னஸ்.

மறுநாள் தெளிந்து விழித்த பிள்ளை போர்வையைத் தூக்கிப் பார்த்தது. அழவில்லை. மறுபடி மூடிவிட்டது. மாரியாயி ஓடி வந்து தலையைத் தடவப் போனபோதுதான் அலறியது. அது ஊசிக்கு அலறுகிற அலறல் இல்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, பெற்றவள் கை தன்மேல் படாமல் இருக்க அலறியது. அன்றிலிருந்து அம்மா தலை தெரிந்தாலே அதே கதைதான். கஞ்சி, மருந்து, கட்டு மாற்றுவது எல்லாவற்றுக்கும் அக்னஸ்தான் வரவேண்டும். அக்னஸ் மடியில் மட்டும் பிள்ளை சுருண்டு படுத்துத் தூங்கியது. பார்த்தீர்களா, பெற்றவளை விட இவளிடம்தான் ஒட்டுது என்று நர்ஸுகள் சொல்ல, அக்னஸுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு போயிற்று. பிள்ளை உடம்பை முறுக்கிக்கொண்டு, கால் விரல் வலிக்கிறது, யாரோ நசுக்குகிறார்கள் என்று அழுதது. இல்லாத கால் வலிக்கும், நரம்புக்குக் கால் போனது தெரியாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அக்னஸ் அதையே ஆறுதலாகச் சொன்னாள்: "அங்க ஒண்ணும் இல்லடா கண்ணு, எப்படி வலிக்கும்?"

"இங்க இல்ல. மகமாயிகிட்ட இருக்குல்ல" என்றது பிள்ளை. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கோயில்ல கூட்டம். எல்லாரும் மிதிக்கிறாங்க."

அக்னஸ் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாதானே குடுத்திச்சு? நீங்கதானே சொன்னீங்க. நீங்க மட்டுந்தான் சொன்னீங்க."

ஆக, விஷயம் இதுதான். அம்மா தன் காலை எடுத்து மகமாயிக்குக் கொடுத்துவிட்டாள். அதை மறைக்காமல் முன்கூட்டிச் சொன்ன ஒரே மனுஷி ஆயாம்மா. அதனால்தான் இந்த ஒட்டுதல். தான் சொன்ன பொய்யை ஒரு பிள்ளை இப்படி நட்டுவைத்துத் தண்ணீர் ஊற்றும் என்று அக்னஸ் கனவிலும் நினைத்ததில்லை. மடியில் கிடந்த தலையின் கனம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் டாக்டருக்குத் தெரியும். இத்தனை நாள் கட்டிக் காத்த பேர் போகும். அதைவிட, இந்தத் தலை மடியை விட்டுப் போய்விடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுந்து போனாள். நாளைக்கு என்பது எந்தக் காலத்தில் வந்திருக்கிறது?

தாழ்வாரத்தில் மாரியாயி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். வார்டுக்குள் வருவதையே விட்டுவிட்டாள். கதவிடுக்கில் பார்ப்பதோடு சரி. அக்னஸைப் பார்த்ததும், பிள்ளை தன்னை ஒதுக்குகிற காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். பிள்ளை கட்டைப் பிய்க்கப் போனபோது இந்தக் கைதானே பிடித்துக்கொண்டது, அதை எப்படி அது மறக்கும், இந்தக் கையைத் தொடவிடாமல் செய்வது நியாயம்தான் என்றாள். சொல்லிவிட்டு இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி தானாக வந்து ஒரு பைத்தியக்காரியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அக்னஸ் ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடும். அவளோ, "சின்னப்புள்ள கோவம், போயிரும் மாரியாயி" என்றாள். முதல் பொய்யையாவது பழக்கதோஷம் என்று தள்ளலாம். இதைத் தெரிந்தே சொன்னாள்.

சனிக்கிழமை பாலக்கரை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தாள். ஒரு நோயாளிப் பிள்ளையிடம் பொய் சொன்னேன் சாமி என்றாள். நல்லதுக்குச் சொன்னது பெரிய பாவமில்லை என்று சாமியார் சில ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னாள். ஒன்றும் இறங்கவில்லை. கேட்க வேண்டிய காது வேறிடத்தில் இருக்கும்போது, யாரிடம் போய்ச் சொல்லி என்ன?

புண் ஆறிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு மாரியாயி ஒரு துணிப்பையோடு அக்னஸைத் தேடி வந்தாள். நாத்தனார் இருளாயி துறையூரிலிருந்து வருகிறாள். பிள்ளையை இனி அவளே வளர்க்கட்டும் என்று அழகிரியும் தானும் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னாள். பெற்றவள் முகத்தைப் பார்த்துத் தினம் தினம் பதறி அது உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இருளாயி வருவதற்கு முன் தான் பஸ் ஏறிவிடுவதாகச் சொன்னாள். "புள்ள உங்ககிட்டதான் ஒட்டுது. அது தூங்கறப்ப ஒருக்கா பாத்துட்டுப் போறேன் ஆயாம்மா."

போகிறேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்; போயிட்டு வரேன் என்பதுதான் வழக்கம். மாரியாயி வரேன் என்பதைச் சேர்க்கவில்லை. அக்னஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். அம்மாவைக் கண்டதும் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். அக்னஸ் கட்டிலில் உட்காரவில்லை. கீழே தரையில் உட்கார்ந்தாள்.

"வள்ளிக்கண்ணு, நான் சொன்னது பொய். உங்கம்மா உன் காலைக் குடுக்கலை. மகமாயி எடுக்கவும் இல்லை."

கத்தல் நின்றது. "அப்ப என் கால் எங்க?"

அந்தக் கேள்விக்கு அக்னஸ் பதில் வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே ஆஸ்பத்திரித் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டாள். கேட்டுவைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"பின்கட்டுல கிணத்துக்கு அந்தாண்ட குழி தோண்டிப் புதைச்சாங்க. துணியில சுத்தித்தான் வெச்சாங்க. அங்க யாரும் மிதிக்க மாட்டாங்க, செடிதான் இருக்கு."

"யாரு எடுத்தா?"

"டாக்டர். அது கெட்டுப்போயிடுச்சு. விட்டு வெச்சிருந்தா நீ செத்துப்போயிருப்ப. உன்கிட்ட முன்னாடியே சொல்லச் சொன்னாரு. எனக்குத்தான் வாய் வரலை. அந்தத் தகடு வெறும் தகடு. காலு சரியானா உண்டியல்ல போடுறது. உன் காலுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்லை."

வள்ளிக்கண்ணு அம்மாவைப் பார்த்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் நேராக முதல்முறை பார்த்தது என்றே சொல்லவேண்டும். "நீ குடுக்கலையா?"

மாரியாயிக்கு எதைக் கேட்கிறது என்றே கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் பையைக் கொட்டினாள். மாற்றுச் சேலைக்குள் மஞ்சள் துணி. அதற்குள் தகட்டுக் கால், கொடுக்கப்படாமல் அப்படியே இருந்தது. பிள்ளை அதை எடுத்து ஐந்து விரலையும் தடவிப் பார்த்தது. பிறகு கட்டிலில் போட்டுவிட்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. மாரியாயி தொடப் பயந்து நின்றாள். பிள்ளையே அவள் கையை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டது.

அழுது ஓய்ந்தபின் மாரியாயி அக்னஸ் பக்கம் திரும்பினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"உங்களுக்குத் தெரிஞ்சுமா என்னை அழவிட்டீங்க?"

"தெரிஞ்சேதான்" என்றாள் அக்னஸ்.

அடுத்த வேளை கட்டு மாற்ற அவள் போனபோது பிள்ளை அவள் மடிக்கு வரவில்லை. "வலிக்குமா?" என்று கேட்டது. வலிக்கும் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டது. பஞ்சை ஈரமாக்கி உரிக்கிற வரைக்கும் என்றாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்தது, கட்டிலுக்கடியில் ஒளியவில்லை. அந்தத் தகட்டை மட்டும் கண்ணில் காட்டாதே என்று அடம்பிடித்தது. நேர்ந்த பொருளைத் தூக்கி எறியவும் மாரியாயிக்குப் பயம். கடைசியில் அக்னஸ்தான் வாங்கிக்கொண்டாள். பாலக்கரை வீட்டில், டிரங்குப் பெட்டிக்குள், செபமாலைக்குப் பக்கத்தில் சமயபுரத்துத் தகடு கிடந்தது.

டாக்டரிடமும் சொன்னாள். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நானே சொல்லியிருக்கணும். உன் தலையில கட்டிட்டுப் போயிட்டேன்" என்றார். அந்தப் பங்கீட்டில் அக்னஸுக்குச் சுமை குறைந்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்கிற விதம் மாறிப்போயிற்று. பழைய கட்டுத்துணியில் பஞ்சை அடைத்து ஒரு பொம்மை தைத்தாள். நாளைக்கு உனக்கு நடக்கப்போவது இது என்று அந்தப் பொம்மைக்குச் செய்து காட்டுவாள்; பிள்ளையையே ஊசி போடச் சொல்லுவாள், கட்டுப்போடச் சொல்லுவாள். முதல் நாளே ஆபரேஷன் அறைக்குக் கூட்டிப்போய் விளக்கைக் காட்டுவாள், மயக்க மருந்துக்கு மூக்கில் வைக்கிற மூடியைக் காட்டுவாள், நாற்றமாகத்தான் இருக்கும் என்பாள். பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள், இப்படியா பிள்ளையைப் பயமுறுத்துவது என்று. பிள்ளைகள் முன்னைப்போல் அவள் இடுப்பில் ஏறவில்லை. அழத்தான் அழுதார்கள். ஆனால் அழுது முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று அவளையே கேட்டார்கள். கெட்டிக்காரி என்று அப்புறம் யாரும் அவளைச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வள்ளிக்கண்ணு வளர வளரக் கட்டைக்காலும் சின்னதாகிப் போகும். புதிது அளவெடுக்க ஆஸ்பத்திரிக்கு வருவாள். வரும்போதெல்லாம் வாரைக் கட்டுமுன் அக்னஸைப் பார்த்து, "வலிக்குமா?" என்று கேட்பாள். பதில் அவளுக்கே தெரியும். இருந்தும் கேட்பாள். முதல்ல உரசும், புண்ணாகும், அப்புறம் காய்த்துப்போகும் என்று அக்னஸ் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சொல்லுவாள். தூக்கவோ தாங்கவோ அவள் கை நீட்டினால் மட்டும் பெண் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு விலகிவிடும். அக்னஸ் அதற்குக் கோபப்பட்டதில்லை. கோபப்பட முகம் வேண்டாமா?

அறுபத்தைந்தில் ஓர் ஆடி ஞாயிறு. அக்னஸ் பூசைக்குப் போய்விட்டுத் திரும்பினால், வீட்டு வாசலில் மாரியாயியும் வள்ளிக்கண்ணுவும். பெண்ணுக்குப் பதினைந்து வயது, தாவணி போட்டிருந்தாள். புதுக் காலில் உப்பிலியபுரத்துக் கடைத்தெரு முழுக்கத் தடியில்லாமல் நடந்தாளாம். கால் சரியானால் கொடுப்பதாக நேர்ந்தது. இதைவிட என்ன சரியாக வேண்டும், மகமாயி கடனை வைத்திருக்கலாமா என்றாள் மாரியாயி. அக்னஸ் பெட்டியைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்து நீட்டினாள்.

வள்ளிக்கண்ணு வாங்கவில்லை. "நீங்களும் வாங்க ஆயாம்மா."

"நான் வேதக்காரிடி. அங்க வந்து நான் என்ன செய்ய?"

"மகமாயி என் காலை எடுத்துட்டான்னு அவ பேர்ல பழி போட்டது நீங்கதானே. எடுக்கலைன்னு நீங்கதான் அவகிட்ட சொல்லணும்."

மாரியாயி, பெரியவங்ககிட்ட என்ன பேச்சு என்று பெண்ணை அதட்டினாள். அக்னஸ் தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

பஸ் திருவானைக்காவலில் நின்றபோது யாரோ ஒரு குழந்தை ஜன்னல் வழியே யானை எங்கே என்று கேட்டது. அக்னஸ் தலையைக் குனிந்துகொண்டாள். சமயபுரத்தில் கூட்டம் நெரிந்தது. உண்டியல் முன்னால் வள்ளிக்கண்ணு ஒதுங்கி நின்று, சொல்லுங்க என்பதுபோலப் பார்த்தாள். மாரியம்மனிடம் எப்படிப் பேசுவது என்று அக்னஸுக்குத் தெரியாது. கைகட்டி நிற்பதா, கும்பிடுவதா என்றும் தெரியவில்லை. உள்ளே வெகு தூரத்தில் குங்குமச் சிவப்பாக ஒரு முகம் தெரிந்தது. அதைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"இந்தப் புள்ள காலை நீ எடுக்கலை தாயே. அவ அம்மாவும் குடுக்கலை. நான்தான் பொய் சொன்னேன். தெரிஞ்சும் அவ அம்மாவை அழவிட்டேன்."

தகடு உண்டியலுக்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அத்தனை கூட்டம். பின்னாலிருந்து ஆட்கள் தள்ளினார்கள். அக்னஸ் பழக்கம்போலப் பெண்ணுக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றாள். வள்ளிக்கண்ணு கையை நீட்டினாள்.

"கையைப் பிடிச்சுக்குங்க ஆயாம்மா. ஞாயித்துக்கிழமைக் கூட்டம், மிதிச்சிருவாங்க."

அக்னஸ் பிடித்துக்கொண்டாள்.